அரசனுக்கு அனுமதி இல்லை

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். கழுத்தில் ஜவுளிக்கடை அடையாள அட்டை தொங்க, வியர்த்து விறுவிறுத்து ஒருவர் நின்றிருந்தார். என்னிடம் தமிழ் டியூஷன் படிக்கும் ஒன்பது வயதுப் பெண்ணின் அப்பா என்று சொல்லிக்கொண்டார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் செல்போனை எடுத்து, "இத கொஞ்சம் கேளுங்க டீச்சர்" என்று ஒரு குரல் பதிவைப் போட்டார்.

அவர் பெண்ணின் குரல். நான் சொல்லிக்கொடுத்தபடியே நிறுத்தி நிதானமாகப் பேசியது. "அப்பா என்னைக் கடல்கிட்ட கூட்டிட்டுப் போய், அம்மாகிட்ட சொன்னா தண்ணியில தூக்கிப் போட்டுடுவேன்னு மிரட்டினார்."

அதையடுத்து இன்னொரு குரல், பெரிய மனுஷியின் குரல், சந்தோஷம் தாங்காமல் கூவியது. "சபாஷ்! படம் அப்படியே தெரியுது!"

அவர் போனை நிறுத்தினார். "கடைசியில சபாஷ் சொல்லுதது நீங்கதான?"

நான்தான். என் குரல் எனக்குத் தெரியாதா? அந்தப் பதிவு எப்படி இவர் கைக்கு வந்தது என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார். "கோர்ட்ல போட்டுக் காட்டினாங்க டீச்சர். எங்க வக்கீல் ஒரு காப்பி வாங்கித் தந்தாரு."

நான் ஏன் சபாஷ் சொன்னேன் என்பது புரிய வேண்டுமென்றால் என் வகுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெசன்ட் நகரில், கடற்கரைக்கு நான்கைந்து தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் இருக்கிறேன். சாயங்காலம் கூடத்துச் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்தால் அதுதான் வகுப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டு, தமிழ்ப் பரீட்சை என்றால் மட்டும் காய்ச்சல் வந்து படுக்கிற பிள்ளைகள். புதுச் சொல் கற்றுக்கொடுத்து அதை வாக்கியத்தில் அமைக்கச் சொல்வது என் வேலையில் பாதி.

இந்த வாக்கியத்தில் அமைக்கும் விஷயத்தில்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். நோட்ஸ் புத்தகங்களை எழுதுகிறவர்களுக்கு அரசனை விட்டால் ஆள் கிடையாது. உவகை என்றால் அரசன் உவகை கொண்டான். துயரம் என்றால் அரசன் துயரம் கொண்டான். துயரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தோசையை வைத்தாலும் அரசன் தோசை கொண்டான் என்று வாக்கியம் கச்சிதமாக நிற்கும். பிள்ளைக்குத் துயரமும் தெரியாது, தோசைக்கும் அதற்கும் வித்தியாசமும் தெரியாது. அடையாறு டிப்போவில் பஸ் மாறி வருகிற குழந்தை எந்த அரசனைக் கண்டது?

அதனால் என் வகுப்பில் அரசனுக்கு அனுமதி இல்லை. அவனுடைய மந்திரி, அவன் காட்டில் வேட்டையாடும் சிங்கம், எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டேன். வாக்கியத்தில் வருகிறவர் உங்கள் வீட்டு ஆளாக இருக்க வேண்டும். அந்தச் சொல்லே தெரியாத ஒருவர் கேட்டால்கூட அதன் அர்த்தம் கண்முன் வர வேண்டும். இதற்கு நான் வைத்த பெயர் 'படம் தெரியணும்'. சொல்வது நடந்ததா, நடக்கவில்லையா என்று நான் கேட்டதே இல்லை. என்ன வேண்டுமானாலும் அளந்துவிடலாம்.

அளந்தார்கள். துணிச்சல் என்ற சொல்லுக்கு ஒருவன், "எங்க அப்பா துணிச்சலா முதலை வாய்க்குள்ள கையை விட்டு என் பந்தை எடுத்துத் தந்தார்" என்றான். அவன் அப்பாவை எனக்குத் தெரியும். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறுகிற ஆசாமி. ஆனால் அந்தப் பையன் ஆயுசுக்கும் துணிச்சலை மறக்க மாட்டான். அந்த அளவில் எனக்கு என் முறைமேல் தலைகால் தெரியாத பெருமை இருந்தது.

பெருமையை நான்கு பேருக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? ஒவ்வொரு பிள்ளையின் நல்ல வாக்கியத்தையும் போனில் பதிவு செய்து, பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்றன்றைக்குப் போட்டுவிடுவேன். கைதட்டும் பொம்மைகள் வந்து குவியும்.

அந்தப் பெண்ணின் பதிவும் அப்படிப் போனதுதான். அன்றைய சொல் மிரட்டு. முதலில் அவள், "அப்பா என்னை மிரட்டினார்" என்று மொட்டையாகச் சொன்னாள். நான் விடவில்லை. எங்கே, எப்படி, என்ன சொல்லி மிரட்டினார், ஒன்றுமே தெரியலையே என்றேன். அவள் யோசித்துக் கடலைச் சேர்த்தாள். இன்னும் கொஞ்சம் என்றேன். அம்மாவைச் சேர்த்தாள். பதிவில் கடைசி வாக்கியம் மட்டும்தான் இருக்கிறது. நான் கேட்டுக் கேட்டு வாங்கியது அதில் இல்லை.

இதையெல்லாம் வாசலில் நின்றவரிடம் கோர்வையாகச் சொன்னேனா என்று நினைவில்லை. உளறினேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் கதையைச் சொன்னார்.

ஊர் தெற்கே. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு வருஷத்துக்கு மேலாக மனைவியும் அவரும் தனித்தனியாக இருக்கிறார்கள். விவாகரத்து வழக்கு நடக்கிறது. அவர் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில், கல்யாணமாகாத பையன்களுக்கு நடுவில், ஒற்றைக் கட்டிலில் குடியிருக்கிறார். பெண்ணைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அனுமதி. தி.நகர் ஜவுளிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்பதும் கல்யாண வீட்டில் சமையல்காரர் முகூர்த்தத்தன்று லீவு கேட்பதும் ஒன்று. அதற்காக அவர் தீபாவளி, பொங்கல் என்று மற்ற எல்லா லீவையும் விட்டுக்கொடுத்திருந்தார்.

"இப்ப அந்த ஞாயித்துக்கிழமையும் கிடையாதுன்னுட்டாங்க டீச்சர். அடுத்த வாய்தா வரைக்கும் பிள்ளையப் பாக்கப்பிடாதாம். நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணினேன். பிள்ள குரல்ல இருக்கே, பிள்ள பொய் சொல்லுமான்னு கேக்காங்க. நான் என்னத்தச் சொல்ல?"

சாப்பாட்டு நேரம் முடிகிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். என்னைத் திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை.

அன்று வகுப்பு இல்லை என்று குழுவில் போட்டுவிட்டு, சாயங்காலம் அந்தப் பெண்ணின் அம்மா வீட்டுக்குப் போனேன். நடக்கிற வழியெல்லாம் என் கோபம் ஏறிக்கொண்டே போனது. பிள்ளை வகுப்பில் விளையாட்டாகச் சொன்னதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிற பெண்பிள்ளை எப்படிப்பட்டவளாக இருப்பாள்? இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் மணியை அடித்தேன்.

காதில் ஹெட்போன், கையில் லேப்டாப்போடு அவள் கதவைத் திறந்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் லேப்டாப்பை அப்படியே மூடினாள்.

"மிஸ், அன்னிக்கு அதைக் கேட்டப்போ ஆபீஸ் வண்டியில இருந்தேன். பக்கத்துல இருந்த பொண்ணு தண்ணி குடுத்தா. அவரோட எனக்கு ஆயிரம் சண்டை மிஸ். ஆனா இவ்ளோ நாள்ல அவர் இவ மேல கையை ஓங்கினது கூட கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன் கடல்ல போடுவேன்னு சொன்னாரா? நான் யாரைத்தான் நம்புறது?"

"பொண்ணையே கேட்டிருக்கலாமே?"

"பதிவைக் குடுத்தப்பவே வக்கீல் கேக்கக் கூடாதுன்னுட்டார். தோண்டித் துருவிக் கேட்டா நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடுமாம். கேக்காமயே இருக்கேன். ராத்திரி அவ தூங்கறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன் மிஸ்."

சண்டைக்கென்று கட்டிக்கொண்டு வந்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. இவளும் பயந்துபோய்க் கிடக்கிறாள். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் என் போனில் பதிவானதை நம்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"மத்த பிள்ளைங்க சொன்னதை ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?" என்றேன்.

அவள் விழித்தாள். "எல்லாரும் அவங்கவங்க பிள்ளையோடதைத்தானே மிஸ் கேப்போம்?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. முதலை வாயையும் மற்றதையும் ஊரே கேட்டுச் சிரிக்கிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! என் போனை எடுத்து, அதே நாளின் அடுத்த பதிவைப் போட்டேன். ஊரூர் குப்பத்திலிருந்து வருகிற ஒருத்தி, அம்மா மீன் விற்கிறவள், அவளுடைய மிரட்டு. "எங்கம்மா மீன் வெட்ற கத்திய காட்டி, இன்னா வெலைக்கு கேக்குற நீன்னு போலீஸ்காரரையே மிரட்டிச்சு!" அதற்கும் என் சபாஷ். அடுத்தது, ஒருவனுடைய அம்மா அவன் அப்பாவை மொட்டைமாடியில் நிறுத்திவைத்து மிரட்டித் துணி துவைக்க வைத்தது. அதற்கும் சபாஷ்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அப்போ இவ சொன்னதும் அளந்ததுதான். உங்களுக்கு நிச்சயமாத் தெரியும் இல்ல மிஸ்?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. நடந்ததா, நடக்கவில்லையா என்று நான் கேட்டதே இல்லை என்று பெருமையாகச் சொன்னேனே, அந்தப் பெருமை அப்போதுதான் சுட்டது. எனக்குத் தெரியாது. பிள்ளைகள் சொன்ன அத்தனையிலும் எது நிஜம், எது கதை என்று எனக்குத் தெரியவே தெரியாது.

வக்கீல் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் பெண்ணைக் கூப்பிட்டோம். உள் அறையிலிருந்து கையில் கலர் பென்சிலோடு வந்தாள். என்னை வீட்டில் பார்த்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றாள்.

"அப்பா மிரட்டினார்னு அன்னிக்கு ஒண்ணு சொன்னியே கண்ணு, அது நடந்ததா, நீயா சொன்னதா?" என்று கேட்டேன்.

குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி அம்மாவை. பிறகு மெதுவாக என்னிடம் கேட்டாள்.

"எதைச் சொன்னா சபாஷ் மிஸ்?"

நான் ஆடிப்போய்விட்டேன். எத்தனையோ வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். நான் எதைச் சொல்லித்தந்திருக்கிறேன் என்று ஒரு பிள்ளை என் எதிரே நின்று காட்டியது அன்றைக்குத்தான்.

நல்லவேளையாக அவள் அம்மாவுக்குப் புத்தி இருந்தது. அதைப் பற்றியே பேசாமல் பெண்ணை மடியில் இழுத்து உட்காரவைத்து, "கடைசியா பீச்சுக்குப் போனீங்களே, என்ன சாப்ட்டீங்க?" என்றாள்.

"பஞ்சுமிட்டாய்."

"இருமலோடயா?"

"அப்பா வேணாம்னுதான் சொன்னார். நான்தான் கேட்டேன். சரி, அம்மாகிட்ட சொல்லிடாதன்னார். சொன்னா என்னாகும்னு கேட்டேன். சொன்னா உங்கம்மா என்னைத் தூக்கிக் கடல்ல போட்டுடுவாங்கன்னு சொன்னார். நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரம் சிரிச்சோம்."

அம்மா பெண்ணின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "அப்போ அப்பா உன்னைப் போடுவேன்னு ஏன் சொன்ன?"

"இது சிரிப்பும்மா. மிஸ் மிரட்டல்தான் கேட்டாங்க."

அவள் அம்மா பெண்ணின் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சிரிப்பும் நடுநடுவே வந்தது என்று நினைக்கிறேன். நான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்த குழந்தை, "கடையில வேலைன்னு நீ சொன்னியே. அப்பா வராதது நான் அப்படிச் சொன்னதாலயா?" என்று கேட்டது. அம்மாவும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அப்போது இருந்த நிலையில் அவள் ஒரு கேள்வி கேட்டாள் என்பதே எங்களுக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கோர்ட்டு வேலை. அம்மா தன் வக்கீலிடம் சண்டை போட்டாள். குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர் அம்மாள் ஒருவரிடம் நானும் போய் உட்கார்ந்தேன். முதலையிலிருந்து மீன் கத்தி வரை எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இப்படியும் ஒரு டியூஷனா?" என்றார். அடுத்த வாய்தாவில் ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த அப்பா எனக்குப் போன் செய்து நன்றி சொன்னார். எனக்கு ஏதோ போலிருந்தது. நன்றி சொல்கிற இடமா அது?

குழுவில் குரல் பதிவு போடுவதை நிறுத்திவிட்டேன். மற்றபடி வகுப்பு பழையபடிதான் நடந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நிஜமாகவே நம்பினேன். அந்தப் பெண் அப்பாவோடு பீச்சுக்குப் போய்விட்டு வந்த மறுநாள், திங்கட்கிழமை, வகுப்புக்கு வந்தாள். தலைவாரி, பூ வைத்து, நன்றாகத்தான் இருந்தாள். அன்றைய சொல் காவல். முதலைப் பையன் தன் அப்பா ராத்திரி முழுக்கத் துப்பாக்கியோடு வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் காவல் இருந்ததைச் சொன்னான். எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள்.

"ஒரு அரசன் இருந்தான்" என்று ஆரம்பித்தாள்.

வகுப்பே கத்தியது. குப்பத்துப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "இன்னா மிஸ், அவ மட்டும் ராஜா வெக்கிறா? நான் வெச்சா திட்டுவீங்கல்ல!"

நானும் சொல்லத்தான் வாயெடுத்தேன், அரசன் வேண்டாம், உங்க வீட்டு ஆளை வெச்சுச் சொல்லு என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குப்பத்துப் பெண்ணைக் கையமர்த்தினேன். "வரட்டும் விடு. நீ சொல்லு" என்றேன்.

அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள், நான் சொல்லிக்கொடுத்தபடியே.

"ஒரு அரசன் ரொம்ப நாள் கழிச்சு அவன் பொண்ணைப் பாக்க வந்தான். பஞ்சுமிட்டாய் வாங்கித் தந்து, ஏன்டா பேச மாட்டேங்கறன்னு கேட்டான். தான் ஏதாவது சொன்னா அரசனை மறுபடி அனுப்பிடுவாங்கன்னு, அந்தப் பொண்ணு வீட்டுக்கு வர்ற வரைக்கும் தன் வாய்க்குக் காவல் போட்டுக்கிட்டா."

சொல்லி முடித்து உட்கார்ந்துவிட்டாள். படம் தெரிந்தது. மணலில் அந்த மனிதர் குனிந்து குனிந்து கேட்பதும், பக்கத்தில் இந்தப் பெண் உதட்டை இறுக்கிக்கொண்டு கடலைப் பார்ப்பதும் எனக்குத் தெரிந்தது. மற்ற பிள்ளைகள் சபாஷ் வருகிறதா என்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.